ஆண் மார்பக அறுவைக்குப் பின்: பயமுறுத்திய அந்த முதல் மாதங்கள்

கைனகோமாஸ்டியா, அதாவது ஆணுக்கு மார்பகம் பெருத்துப்போவது, அதற்கு அறுவை செய்து ஓராண்டு தாண்டிவிட்டது. மார்பு இப்போது தட்டையாக இருக்கிறது. தழும்பைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் நான் எழுத நினைப்பது முதல் சில மாதங்களைப் பற்றித்தான். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்க ஆள் கிடையாது. சட்டையைக் கழற்ற வேண்டுமே என்று காவடி நேர்த்தியையே தள்ளிப்போடும் தம்பிகள் இங்கே இருக்கிறார்கள்.

எனக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ் விளிம்பில் கீறிச் சுரப்பியையும் அகற்றினார்கள். வலி மாத்திரையில் அடங்கியது. பயம் அடங்கவில்லை. கட்டைப் பிரித்தபோது தட்டையாக இருந்த மார்பு சில நாளில் வீங்கியது. கன்றிப்போன நிறம் விலா வரை இறங்கியது. பிறகு காம்புக்கு அடியில் கல் மாதிரி ஒரு கெட்டி, வலப்பக்கம் கூடுதலாக. மறுபடி வளர்கிறது என்றே நினைத்தேன், தூக்கம் போனது.

வளரவில்லை. சுரப்பியை எடுத்த இடத்தில் உடல் தழும்புத் திசுவை உண்டாக்குகிறது. முதல் வாரங்களில் அது இறுகும், பிறகு மாதக்கணக்கில் மெல்ல இளகும். வீக்கம் பெருமளவு வடியவே 3 முதல் 6 மாதம் பிடிக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஆறாது. காம்பு மரத்துப்போவதும் சகஜம். எனக்கு உணர்ச்சி ஊசி குத்துவதுபோல் திரும்பியது. முதல் மாதத்துக் கண்ணாடியைப் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. முதல் ஓரிரு நாளில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று புடைத்து, இறுகி, வலி ஏறினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ் இவற்றுக்கும் அப்படித்தான். எனக்கு இடப்பக்கம் நீர் கோத்தது, அசைந்தால் உள்ளே தளும்பும். மருத்துவர் ஊசியால் உறிஞ்சி எடுத்தார், சரியானது.

மார்பை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் பனியனைப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் போடச் சொல்வார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதுதான் உண்மையான சோதனை. வேர்க்குரு கொட்டியது. இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டேன். இரண்டாவது பனியன் இல்லாமல் சமாளித்திருக்க முடியாது. மடிப்பு விழாமல் இழுத்துவிடுங்கள், மடிப்பு தோலில் பதிந்துவிடும்.

அம்மா ஹாருவான் (விரால்) மீன் சூப் வைத்துத் தந்தார். நல்ல புரதம், விரும்பிக் குடித்தேன். காயத்தில் மஞ்சளும் எண்ணெயும் பூசச் சொன்ன அத்தையிடம் மட்டும், “வேணாம் அத்தை, டாக்டர் சொன்னதைத்தான் போடுவேன்” என்று உறுதியாகச் சொன்னேன். எம்சி (மருத்துவ விடுப்பு) முடிந்ததும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அண்ணனிடம் விஷயத்தைச் சொல்லி இலேசான வேலை கேட்டேன், கொடுத்தார். அரிவாள் கம்பை உயர்த்திச் செம்பனைக் குலை வெட்டுவது நெஞ்சுத் தசையை அப்படியே இழுக்கும். மருத்துவர் அனுமதிக்கும்வரை தொடாதீர்கள். சிகரெட்டும் வேண்டாம், காயத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே அது குறைக்கும்.

நம் மாதிரிக் கறுத்த தோலுக்குக் கெலாய்டு, அதாவது காயத்தைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு, வரும் வாய்ப்பு அதிகம். காயம் முழுக்க மூடியபின் மருத்துவரைக் கேட்டுச் சிலிக்கோன் ஜெல் பூசுங்கள். தழும்பு தடித்து, அரித்து, கீறலைத் தாண்டிப் பரவினால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அதற்குத் தழும்பிலேயே போடும் ஊசி இருக்கிறது.