லாலாங் புல்லுக்கு நான்கு பல் மண்வெட்டி

பினாங்கின் ஜெலுத்தோங்கில் நான் வழக்கமாகப் போகும் இரும்புச் சாமான் கடையில் நான்கு பல் மண்வெட்டி ஒன்றை வாங்கினேன். இரும்புத் தலைக்கு 38 ரிங்கிட், மரப்பிடிக்கு 12. வீட்டுத் தோட்டத்தில் லாலாங் என்னும் முரட்டுக் களைப்புல்லோடு மல்லுக்கட்டுகிறவர்கள் களைக்கொல்லி மருந்துப் புட்டிக்குக் காசு கொடுக்கும் முன் இதைத்தான் வாங்க வேண்டும்.

எங்களுடையது குளுகோரில் ஒரு மூலை வீடு. பக்கவாட்டு நிலத்தில் கறிவேப்பிலை, முருங்கை, கொஞ்சம் கத்தரி வைத்திருக்கிறேன். அடுத்த காலி மனையிலிருந்து வேலிக்கு அடியில் புகுந்த லாலாங், கத்தரிப் பாத்தி முழுவதையும் பிடித்துக்கொண்டது. புல் வெட்டுகிறவர் வந்து இயந்திரத்தால் மழித்துவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு மறுபடியும் ஈட்டி ஈட்டியாக நிற்கும்.

வெட்டுவதால் அது சாகாததற்குக் காரணம் இருக்கிறது. மேலே தெரிவது இலை மட்டுமே. மண்ணுக்கடியில் வெள்ளையாக, கணுக்கணுவாக ஓடும் தண்டுதான் அதன் உயிர். பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு சாண் ஆழத்துக்குள் பின்னிக் கிடக்கும். சில தண்டுகள் அதற்கும் கீழே இறங்கிவிடும். நுனி ஊசி போலக் கூர்மையானது, மரவள்ளிக் கிழங்கையே துளைத்துக்கொண்டு போகும். சாதாரண மண்வெட்டியால் கொத்தினால் தண்டு துண்டுதுண்டாகிறது. கணு உள்ள சிறு துண்டும் தனிச் செடியாக முளைக்கும்.

நான்கு பல் மண்வெட்டி தண்டை நறுக்குவதில்லை. பற்கள் ஏறக்குறைய ஒரு சாண் நீளம். ஓங்கி இறக்கி, பிடியை மேல்நோக்கி நெம்பினால் மண் பிளந்து, தண்டுப் பின்னல் அப்படியே மேலே வருகிறது. உதறினால் முழங்கை நீளத்துக்கு அறுபடாமல் கையில் நிற்கும். அந்த நீளத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே உற்சாகம் வந்தது. மழை பெய்த மறுநாள் காலை, மண் இளகி, ஆனால் சேறாகாமல் இருக்கும் நேரமே இதற்கு ஏற்றது.

"அக்கா, எதற்கு இந்தப் பாடு? மருந்தை அடித்துவிடுங்கள்" என்றார் எதிர்வீட்டுத் தம்பி. என் அம்மா கெடாவில் பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர். அவருடைய நகங்கள் கறுத்துக் கழன்றதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அன்று அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மலேசியா 2002இல் தடை அறிவித்து, 2006இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல்தான் முழுமையாகத் தடை செய்தது. இத்தனைக்கும் அது லாலாங்கின் இலையைக் கருக்குமே தவிர, அடித்தண்டைக் கொல்லாது. இப்போது கடைகளில் கிடைக்கும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி தண்டுவரை இறங்கி வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. பெரிய காடாகக் கிடக்கும் நிலத்துக்கு அதைத்தான் பலரும் நாடுகிறார்கள். ஆனால் காற்றில் தெறித்தால் கத்தரிக்கும் கறிவேப்பிலைக்கும் ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சமையலுக்குக் கிள்ளும் செடிகளுக்கு நடுவே நான் அதை அடிக்க மாட்டேன்.

குறைகளும் உண்டு. மண்வெட்டி கனமானது, மணிக்கட்டு வலி உள்ளவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய முடியும். வேலி ஓரத்தில் வீடு கட்டியபோது புதைந்த செங்கல் துண்டில் பட்டு ஒரு பல் வளைந்துவிட்டது. அத்தகைய இடத்தில் முதலில் கடப்பாரையால் கல்லை எடுத்துவிட வேண்டும். பிடியும் சொரசொரப்பாக வந்தது, உப்புத்தாள் தேய்த்தபின்தான் கைக்கு இதமானது. தலை ஆடத் தொடங்கியபோது கடைக்கு எடுத்துப் போனேன். தவுக்கே (கடை முதலாளி) காசு வாங்காமல் புது ஆப்பு அடித்து இறுக்கிக் கொடுத்தார். இந்தக் கவனிப்புக்காகவே நான் பெரிய கடைகளுக்குப் போவதில்லை.

பிடுங்கிய தண்டுகளை உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயே தழைத்துவிடும். திறந்தவெளியில் எரிப்பதும் சட்டப்படி குற்றம். நான் தகரத்தின்மேல் பரப்பி, ஒடித்தால் நொறுங்கும்வரை வெயிலில் காயவிடுகிறேன். விட்டுப்போன துண்டுகள் முளைக்கத்தான் செய்யும். தளிராக இருக்கும்போதே பற்களை இறக்கி எடுத்துவிட வேண்டும். லாலாங்குக்கு நிழல் ஆகாது. ரப்பர்த் தோட்டங்களில் அதை அடக்கக் கொடிப்பயிர்களைப் படரவிடுவார்கள். அதே வழியில் நான் காலியான பாத்தியில் சர்க்கரைவள்ளிக் கொடியை ஊன்றியிருக்கிறேன். கொடி மூடிய இடத்தில் புல் மெலிந்து, வெளிறிப்போய்த்தான் வருகிறது.

வாங்கும்போது தலையைப் புரட்டிப் பாருங்கள். பற்கள் ஒரே இரும்பில் அடிக்கப்பட்டிருந்தால் எடுங்கள். தனித்தனியாகப் பற்றவைத்தவையும் சில ரிங்கிட் குறைவாகக் கிடைக்கின்றன. நெம்பும்போது பற்று விட்டுவிடும், அவை வேண்டாம்.