என்சிஇஆர்டியா, ஸ்டேட் புக்கா, மாட்யூலா? நீட் உயிரியலுக்கு எதை எப்போது திறப்பது

சேலத்தில் நீட் எழுதப் போகிற பிள்ளை இருக்கும் வீட்டில் உயிரியலுக்கென்றே மூன்று வகைப் புத்தகம் கிடக்கும். பள்ளியில் கொடுத்த அரசுப் பாடநூல், அதிலும் தாவரவியல் தனி, விலங்கியல் தனி. யாரோ சொன்னார்கள் என்று வாங்கிய என்சிஇஆர்டி, அதாவது மத்திய பாடத்திட்டப் புத்தகம். அப்புறம் ஐந்து ரோட்டிலோ, நாமக்கல், ராசிபுரம் பக்கமோ கோச்சிங் சேர்ந்தபோது கொடுத்த மாட்யூல் கட்டு. காசு கொடுத்து வாங்கியாயிற்றே என்று மூன்றையும் படிக்கப் பார்ப்பார்கள். டிசம்பர் வாக்கில் பார்த்தால் மூன்றும் பாதியில் நிற்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவில் நிற்க வேண்டியது என்சிஇஆர்டி. புரியாத இடத்தைப் புரிந்துகொள்ள ஸ்டேட் புக். மாட்யூல் கேள்வி போட்டுப் பார்க்க மட்டும். இது பெரும்பாலான பாடங்களுக்குச் சரி. சில பாடங்களுக்குச் சரிப்படாது, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் மார்க் விடுவது பெரும்பாலும் அந்தப் பாடங்களில்தான்.

மொத்தம் 180 கேள்வி, 720 மதிப்பெண். அதில் உயிரியல் 90 கேள்வி, 360 மதிப்பெண், அதாவது சரிபாதி. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. 2025-ல் சாய்ஸை எடுத்துவிட்டார்கள், நேரமும் 180 நிமிடம் ஆகிவிட்டது. இயற்பியல் எப்படியும் நேரத்தை இழுக்கும் என்பதால் உயிரியலை 50 நிமிடத்தில் முடித்தாக வேண்டும். ஒரு கேள்விக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது, படித்த வரி தானாக வர வேண்டும். புத்தகத் தேர்வு இவ்வளவு முக்கியமாவது இதனால்தான்.

வரிக்கு வரி என்சிஇஆர்டி

என்சிஇஆர்டியின் பலம் அதன் கஞ்சத்தனம். தேவையில்லாத வரி குறைவு, வினாத்தாள் எடுப்பவர் கைவைப்பதும் அந்த வரிகளில்தான். சுவாசப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனில் சுமார் 97 சதவீதம் சிவப்பணுக்கள் வழியாகப் போகிறது. கார்பன் டை ஆக்சைடில் 70 சதவீதம் பைகார்பனேட்டாக, 20 முதல் 25 சதவீதம் ஹீமோகுளோபினோடு, 7 சதவீதம் பிளாஸ்மாவில் கரைந்து. 100 மில்லி ஆக்சிஜன் ஏறிய ரத்தம் திசுக்களுக்கு 5 மில்லி ஆக்சிஜனைக் கொடுக்கிறது. ஆக்சிஜன் இறங்கிய 100 மில்லி ரத்தம் நுரையீரல் சிற்றறைக்கு 4 மில்லி கார்பன் டை ஆக்சைடைக் கொடுக்கிறது. ஒரு பக்கத்துக்குள் வரும் இந்த எண்களில் 5-ஐயும் 4-ஐயும் மாற்றிப் போட்டால் ஒரு கேள்வி. இரண்டு கூற்று கொடுத்து எது சரி என்றால் இன்னொன்று. பொருத்துக என்று நான்கையும் கலைத்துப் போட்டால் மூன்றாவது. கழிவுநீக்கப் பாடத்தில் நிமிடத்துக்கு 125 மில்லி வடிகட்டல், நாளைக்கு 180 லிட்டர் என்பதும், ரத்த ஓட்டத்தில் ஒரு இதயத்துடிப்புக்கு 0.8 நொடி, ஒரு துடிப்பில் 70 மில்லி ரத்தம், நிமிடத்துக்கு 5 லிட்டர் என்பதும் இதே ஜாதி.

புரியவைப்பதில்தான் அது கைவிடும். சிறுநீரகத்தின் ஹென்லே வளைவில் எதிரோட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதை என்சிஇஆர்டியை மட்டும் வைத்துப் புரிந்துகொண்ட பிள்ளை அபூர்வம். இரண்டு முறை வாசித்தும் பிடிபடவில்லை என்றால் மூன்றாம் முறை வாசிக்காதீர்கள். அங்கே ஸ்டேட் புக்கைத் திறங்கள்.

மாமரத்து ஆர்க்கிட்

இரண்டு புத்தகமும் ஒரே விஷயத்தை எப்படிக் கையாள்கின்றன என்பதற்கு நம் ஊருக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. மாங்கிளையில் தொற்றி வளரும் ஆர்க்கிட்டை என்சிஇஆர்டி ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது: ஆர்க்கிட்டுக்கு லாபம், மாமரத்துக்கு லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை, ஆகவே கமென்சலிசம். அந்த ஆர்க்கிட் மண்ணே இல்லாமல் எப்படித் தண்ணீர் குடிக்கிறது? பதில் ஸ்டேட் புக்கில் பிளஸ் ஒன் தாவரவியலில் இருக்கிறது. வாண்டா போன்றவற்றின் தொங்கு வேரில் வெலாமன் என்று பஞ்சு மாதிரி ஒரு திசு, காற்றின் ஈரத்தை அதுதான் உறிஞ்சுகிறது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போனால் இந்த வேர்களைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குப் போனால் தப்பில்லை, அப்பா அம்மா கோபித்துக்கொண்டாலும்.

ஆனால் தேர்வு எங்கே கண்ணி வைக்கிறது? என்சிஇஆர்டியில் அதே பாடத்தில் ஆர்க்கிட் இன்னொரு முறை வருகிறது. ஓஃப்ரிஸ் என்ற மத்திய தரைக்கடல் ஆர்க்கிட்டின் பூவிதழ் பெண் தேனீ போலவே இருக்கும், ஆண் தேனீ ஏமாந்து வந்து மகரந்தத்தைக் கடத்தும். அது இருப்பது மியூச்சுவலிசம், அதாவது இரு பக்கமும் லாபம் என்ற பகுதியில். ஆர்க்கிட் என்ற பெயரைப் பார்த்ததும் கமென்சலிசம் என்று வட்டத்தைக் கறுப்பாக்கினால் ஐந்து மார்க் வித்தியாசம். ஸ்டேட் புக்கை நன்றாகப் படித்து வேர் அமைப்பு வரை தெரிந்த பிள்ளைகூட இங்கே மாட்டிக்கொள்ளும். எந்த உதாரணம் எந்தத் தலைப்பின் கீழ் அச்சாகியிருக்கிறது என்பதுதான் அங்கே கேள்வி.

தவளையும் இப்படித்தான். என்சிஇஆர்டியில் ரானா டைக்ரினா, ஸ்டேட் புக்கில் ரானா ஹெக்ஸாடாக்டைலா. பொதுத் தேர்வுக்கு ஒன்று, நீட்டுக்கு இன்னொன்று. வகைப்பாட்டில் ஸ்டேட் புக், உயிரினங்களை ஏழு உலகங்களாகப் பிரிக்கிற, 2015-ல் வந்த முறை வரை போகிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நீட்டுக்கு விட்டேக்கரின் ஐந்து உலகம் விரல் நுனியில் இருக்க வேண்டும். மண்புழு உரம், பட்டுப்புழு வளர்ப்பு எல்லாம் சேலத்துப் பிள்ளைக்குச் சொந்த ஊர்ச் சமாச்சாரம் மாதிரி இருக்கும். பொதுத் தேர்வுக்குப் படியுங்கள், அதோடு விட்டுவிடுங்கள்.

புது என்சிஇஆர்டியில் விழுந்த ஓட்டை

என்சிஇஆர்டி மட்டும் போதும் என்று அடித்துச் சொல்பவர்கள் இந்த இடத்துக்கு வந்தால் வாயை மூடிக்கொள்கிறார்கள். 2022-23-ல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று என்சிஇஆர்டி பல பகுதிகளை வெட்டியது. தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம், செரிமானம், உயிரினங்களில் இனப்பெருக்கம், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் என்று முழு அத்தியாயங்களே போயின. தேசிய மருத்துவ ஆணையம் 2024 தேர்வுக்கு வெளியிட்ட பாடத்திட்டத்திலும் இவை இல்லை. அதுவரை சரி. (இனப்பெருக்க அத்தியாயத்தோடு 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சியும் போய்விட்டது. சேர்வராயன் மலையிலும் இருக்கிற செடி. நமக்குப் பிடித்த ஒரே வரியை வெட்டினார்களே என்று இருக்கிறது.)

சிக்கல், இரண்டு கத்தரியும் ஒரே அளவில் வெட்டவில்லை என்பதுதான். விலங்குத் திசுக்கள் புது என்சிஇஆர்டியில் இல்லை, மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டத்தில் இருக்கிறது. மால்வேசி, குருசிஃபெரே, லெகுமினோசே, கம்போசிட்டே, கிராமினே என்று ஐந்து தாவரக் குடும்பங்களைப் பாடத்திட்டம் கேட்கிறது, புது என்சிஇஆர்டியில் சொலனேசி மட்டும் மிஞ்சியிருக்கிறது. விலங்குகளில் ‘ஒரு பூச்சி’ என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘தவளை’ என்று போட்டிருக்கிறார்கள். தவளை எப்போது பூச்சியானது என்று ஆணையத்தைத்தான் கேட்க வேண்டும். புது என்சிஇஆர்டியில் தவளை மட்டும் இருப்பதால் கரப்பான்பூச்சி போய்விட்டது என்று நம்பியவர்களுக்கு, 2024 தேர்வில் கரப்பான்பூச்சியின் செரிமான மண்டலத்தைப் பொருத்தச் சொல்லி ஒரு கேள்வி வந்தது. 6 முதல் 8 குருட்டுக் குழல்கள், 100 முதல் 150 மஞ்சள் இழைகள் என்று எல்லாமே பழைய என்சிஇஆர்டியின் வரிகள்.

ஆக, இவையெல்லாம் வருகிற, தாவர விலங்கு உடலமைப்பு பற்றிய இந்த ஒரு அலகுக்கு மட்டும் வரிசை மாறுகிறது. முதலிடம் பழைய என்சிஇஆர்டிக்கு, வெட்டுக்கு முந்தைய பதிப்புக்கு. மருத்துவம் சேர்ந்த அக்கா, அண்ணன்கள் யாரையாவது கேளுங்கள், பரணில் கிடக்கும். இரண்டாவது இடம் ஸ்டேட் புக்குக்கு: கரப்பான்பூச்சியும் இருக்கிறது, ஃபேபேசி என்ற பெயரில் லெகுமினோசே குடும்பம் சங்குப்பூ படத்தோடு விரிவாக இருக்கிறது. மற்ற நான்கு குடும்பங்களுக்கு மாட்யூலைத் திறங்கள். அந்தக் கட்டு காசுக்கு உழைப்பது இங்கேதான். செம்பருத்தி, கடுகு, சூரியகாந்தி, நெல் என்று குடும்பத்துக்கு ஒரு செடியைப் பிடித்துக்கொண்டு, பூச்சூத்திரத்தை ஒரே தாளில் எழுதி வைத்தால் வேலை முடிந்தது.

மாட்யூலைப் பற்றி மேற்கொண்டு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதன் விளக்கப் பகுதி பெரும்பாலும் என்சிஇஆர்டியை வேறு வாக்கியத்தில் எழுதியது. அதைப் படித்தால் மூல வாக்கியம் மனதில் கலைந்துபோகும். விளக்கத்தைத் தாண்டிக் கேள்விக்குப் போங்கள். என்சிஇஆர்டியில் விரல் வைத்துக் காட்ட முடியாத விடையாக இருந்தால் கோடு போட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு

என்சிஇஆர்டி இந்தி, உருதுவில் வருகிறது, தமிழில் வருவதில்லை. அதனால் தமிழ் வழி மாணவருக்கு ஸ்டேட் புக்தான் வீடு. நீட் தமிழில் எழுதலாம், வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். மொழிபெயர்ப்பில் குழப்பம் வந்தால் ஆங்கிலக் கேள்விதான் முடிவு என்பது விதி. 2018-ல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆளுக்கு 196 மதிப்பெண் கொடுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. கேள்வியே தப்பு என்று தேர்வுக்குப் பிறகு சண்டை போட்டு வெல்லலாம் என்று இருக்க வேண்டாம்.

ஆகவே தமிழ் வழியில் படித்தாலும் ஆங்கில என்சிஇஆர்டி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். முழுதும் வாசிக்க வேண்டியதில்லை. படங்களின் பெயர்க்குறிப்பு, அட்டவணை, தடித்த எழுத்தில் உள்ள சொற்கள், இவ்வளவு போதும். ஸ்டேட் புக் ஓரத்தில் பென்சிலால் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தால், தேர்வில் பழக்கமில்லாத தமிழ்ச் சொல் வந்தாலும் பக்கத்தில் உள்ள ஆங்கிலத்தைப் பார்த்துப் பிடித்துவிடலாம்.

கோடு போடுவதா, எழுதுவதா, மூடிவைப்பதா

புத்தகம் முடிவானாலும் படிக்கிற விதத்தில் மூன்று கட்சி இருக்கிறது. ஹைலைட்டர் கட்சிக்காரர் புத்தகத்தைப் பார்த்தால் மஞ்சள் படாத வரி இருக்காது. மனசுக்குத் திருப்தி, வேறொன்றுமில்லை. நோட்ஸ் கட்சி அதைவிடப் பரவாயில்லை. ஆனால் ஏற்கெனவே சுருக்கமான என்சிஇஆர்டியை இன்னும் சுருக்கினால் எஞ்சுவது தலைப்புகள்தான். எண்கள், விதிவிலக்குகள், அறிவியலாளர் பெயர்கள் ஆகியவற்றுக்கு மட்டும் பாடத்துக்கு ஒரு தாள் எழுதுங்கள்.

என் ஓட்டு மூன்றாவது கட்சிக்கு: இரண்டு பக்கம் வாசி, மூடு, நினைவில் இருப்பதை வெள்ளைத்தாளில் எழுது, திறந்து சரிபார். மெதுவாகத்தான் போகும், முதல் வாரம் கடுப்பாக இருக்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னே இருந்தார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் கேட்டபோது, மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்கள் முந்திவிட்டார்கள். காலை ஸ்டடி அவரில் வாசித்தது மாலை டெஸ்டில் வருகிறது, மாதாந்திரத் தேர்வில் காணாமல் போகிறது என்று பிள்ளைகள் புலம்புவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. படங்களுக்கும் இதே முறைதான். பெயர்களை மறைத்துவிட்டு நீங்களே குறியுங்கள்.

கால அட்டவணை என்று பார்த்தால், பிளஸ் டூ பொதுத் தேர்வில் தாவரவியல் 35, விலங்கியல் 35 என்று எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண். அது மார்ச்சோடு முடியும். அதுவரை ஒவ்வொரு பாடத்தையும் முதலில் ஸ்டேட் புக்கில் ஒருமுறை, உடனே என்சிஇஆர்டியில் இரண்டு முறை, அந்த வாரமே பழைய வினாத்தாளில் அந்தப் பாடத்தின் கேள்விகள் என்று போகலாம். பொதுத் தேர்வு முடிந்து மே தொடக்கத்தில் நீட் வரும் வரை கிடைப்பது ஏறக்குறைய ஐந்து வாரம். அப்போது ஸ்டேட் புக்கைக் கட்டி வைத்துவிட வேண்டும். என்சிஇஆர்டி, அந்த ஒரு அலகுக்கான பழைய பதிப்பு, கையால் எழுதிய தாள்கள், ஓஎம்ஆர் தாளோடு 50 நிமிடத்தில் 90 கேள்வி. ரிப்பீட்டர் என்றால் பொதுத் தேர்வுச் சுமை இல்லை, ஆகையால் ஸ்டேட் புக்கைப் போன வருடம் தப்பு விட்ட பாடங்களுக்கு மட்டும் தொட்டால் போதும்.