5 வயதில் பியானோவா, 7 வரை பொறுக்கலாமா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டில் இப்போது இதே பேச்சுதான். மகளை 5 வயதிலேயே பியானோ வகுப்பில் சேர்த்தால் காது சீக்கிரம் பழகும், சரி. ஆனால் விரல்? நேற்று 61 கட்டை கீபோர்டில் மகள் சுண்டு விரலை அழுத்தினாள். மோதிர விரலும் கூடவே இறங்கியது. 10 நிமிடத்தில் எழுந்து ஓடிவிட்டாள். தினமும் நாமும் பக்கத்தில் உட்கார வேண்டும்.

7 வயதில் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், இடது வலது குழம்பாது, இசைக்குறிப்பும் எளிதில் பிடிபடும். எனக்குப் பொறுப்பதே சரியென்று படுகிறது. இடையில் அவளாகவே தினம் கீபோர்டைத் தேடிப் போனால் உடனே சேர்ப்பேன். அதுவரை வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் ஞாயிறு பாட்டுக்குத் தொடையில் தாளம் போடட்டும். 88 கட்டை பியானோவெல்லாம் அப்புறம்.