ரூஃபஸா, வென்டாயா, எட்சரா: பூட்டபிள் பென்டிரைவுக்கு எது ஏற்றது?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துக்கொண்டதால், திருப்பூர் பனியன் கம்பெனிகளின் கணக்குப் பிரிவிலும் கோவை கணபதி வட்டாரத்து லேத் பட்டறைகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினிகளுக்கு விண்டோஸ் 11 போடுவதா, லினக்ஸுக்கு மாறுவதா என்ற கேள்வி எழுந்திருக்கிறது. எதைப் போடுவதானாலும் முதலில் ஒரு பூட்டபிள் பென்டிரைவ், அதாவது கணினியைத் தொடக்கி இயங்குதளத்தை நிறுவ உதவும் பென்டிரைவ், வேண்டும். அதைத் தயாரிக்கும் மென்பொருள்களில் ரூஃபஸ், வென்டாய், எட்சர் மூன்றும் இலவசமே. இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதால், டேலி பேக்கப் இருக்கும் பென்டிரைவை இதற்கு எடுக்கவே கூடாது.

விண்டோஸில் மட்டுமே இயங்கும் ரூஃபஸ், சில எம்பி அளவே கொண்டது. இன்ஸ்டால் செய்யாமலே திறக்கலாம். பயாஸ், யுஇஎஃப்ஐ என்பவை கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்கள்; எம்பிஆர், ஜிபிடி என்பவை டிரைவைப் பகுக்கும் முறைகள். பழைய பயாஸ் கணினிக்கு எம்பிஆர், புதிய யுஇஎஃப்ஐ கணினிக்கு ஜிபிடி என்று நாமே தேர்ந்தெடுக்க ரூஃபஸ் இடம் தருகிறது. விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்குள் (இயங்குதளத்தின் இன்ஸ்டால் கோப்புகளை எல்லாம் அடக்கிய ஒற்றைக் கோப்பு) இருக்கும் முதன்மைக் கோப்பு பெரும்பாலும் 4 ஜிபியைத் தாண்டிவிடுவதால் ஃபேட்32 என்ற பழைய சேமிப்பு வடிவில் அது அடங்காது. ரூஃபஸ் என்டிஎஃப்எஸ் வடிவில் எழுதி, அதிலிருந்து பூட் ஆவதற்கான சிறு நிரலையும் தானே சேர்த்துவிடுகிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம் ஆகிய நிபந்தனைகளை நீக்கும் வசதியும் அதில் உண்டு. ஆனால் நீங்குவது இன்ஸ்டாலர் செய்யும் சோதனை மட்டுமே. 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸ் 11 கோரும் பாப்கவுன்ட் என்ற கட்டளை கோர் 2 டியோ பிராசஸர்களில் இல்லாததால், அவற்றில் அது பூட்டே ஆகாது. அத்தகைய கணினியை வைத்திருப்பவரிடம் "சரிபண்ணித் தருகிறேன்" என்று சொல்லிப் பணம் வாங்குவது முறையன்று. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் பரிந்துரைப்பதே நேர்மை.

வென்டாயின் வழி வேறு. பென்டிரைவை ஒருமுறை தயார் செய்துவிட்டால், பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளைச் சாதாரணக் கோப்புகளைப் போல நகலெடுத்துப் போட்டாலே போதும். பூட் செய்யும்போது பட்டியல் தோன்றும், வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம். ஒரே 64 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 10, 11, லினக்ஸ் மின்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு காலையில் அவிநாசி, மாலையில் பல்லடம் என்று அலையும் சர்வீஸ்காரருக்கு இதற்கு ஈடு கிடையாது என்பது என் உறுதியான கருத்து. செக்யூர் பூட் (அங்கீகரிக்கப்பட்ட நிரல்களை மட்டுமே தொடங்கவிடும் பாதுகாப்பு வசதி) இயக்கத்தில் இருக்கும் கணினியில் முதல்முறை நீலத்திரையில் பிழை காட்டினால் பதற வேண்டியதில்லை. அங்கேயே வென்டாயின் சாவிக் கோப்பைப் பதிவு செய்துவிட்டால் அடுத்த முறை பட்டியல் வந்துவிடும். இதை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பதுதான் அலுப்பு.

எட்சர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. எழுதியபின் சரிபார்த்தும் சொல்கிறது. லினக்ஸ் ஐஎஸ்ஓக்களுக்கு அது நம்பகமானது, விண்டோஸ் ஐஎஸ்ஓவுக்கு உகந்ததன்று.

ஒரே கணினிக்கு விண்டோஸ் போட வேண்டியவர் ரூஃபஸை எடுத்துக்கொள்ளட்டும். பல கணினிகளைப் பார்ப்பவர் வென்டாயை முதன்மையாக வைத்து, அது அடம்பிடிக்கும் பழைய பயாஸ் கணினிகளுக்காக ரூஃபஸில் எழுதிய 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றையும் பையில் வைத்திருப்பது நல்லது.