காப்பி-பேஸ்ட்டா, டபிள்யூபிளாக்கா, எக்ஸ்ரெஃபா?

ஒரு டிராயிங்கில் இருக்கும் கதவையோ தூண் வரிசையையோ இன்னொரு டிராயிங்குக்குக் கொண்டுபோக, கணினியில் வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் ஐந்தாறு வழிகள் இருக்கின்றன. பலரும் கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி-யோடு நின்றுவிடுகிறார்கள். அது தப்பில்லை, அன்றாட வேலையில் பாதிக்கு மேல் அதுவே போதும். ஆனால் கொண்டுபோன பொருள், மூல டிராயிங் மாறும்போது தானும் மாற வேண்டுமா வேண்டாமா? இதை முதலில் முடிவு செய்துவிட்டால் எந்த வழி என்பது தானாகத் தெரிந்துவிடும். நான் அதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன்.

மாற வேண்டாம் என்றால் காப்பி-பேஸ்ட். வெறும் கண்ட்ரோல் சி அடித்தால் பேஸ் பாயின்ட்டை, அதாவது பொருளைப் பிடித்து வைக்கும் புள்ளியை, நம்மிடம் கேட்காது. தேர்ந்தெடுத்த பொருட்களின் இடது கீழ் மூலையைத் தானே எடுத்துக்கொள்ளும். தூணின் மையத்தை கிரிட் சந்திப்பில் உட்கார வைக்க வேண்டியவருக்கு அந்த மூலையால் என்ன பயன்? ஒட்டிவிட்டு மறுபடி மூவ் போட வேண்டியதுதான். கண்ட்ரோல் ஷிஃப்ட் சி, அதாவது காப்பிபேஸ், பாயின்ட்டை முதலிலேயே கேட்டுவிடும். ஒரு கிளிக்தான் கூடுதல். வெறும் கண்ட்ரோல் சி-யை விட்டுவிட்டு இதையே கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு டிராயிங்கும் ஒரே ஆயத்தொலைவில் வரையப்பட்டிருந்தால் பேஸ்ட்ஆரிஜ் என்ற கட்டளை இன்னும் எளிது. எடுத்த இடத்திலேயே, எண் மாறாமல் வந்து உட்காரும். தரைத்தளத்துத் தூண்களை முதல் தளத்துக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கண்ட்ரோல் ஷிஃப்ட் வி, ஒட்டுவதையெல்லாம் ஒரே பிளாக்காக, அதாவது ஒரு பெயரில் சேர்த்துக் கட்டிய ஒரே பொருளாக, மாற்றிவிடும். அந்த பிளாக்குக்கு ஏ, டாலர் குறி, சி என்று தொடங்கும் புரியாத பெயரை மென்பொருளே வைக்கும். ஆறு மாதம் கழித்து பிளாக் பட்டியலைத் திறந்து பார்த்தால் இந்தப் பெயர்கள் வரிசையாக நிற்கும், எது எதற்கென்று யாருக்கும் தெரியாது. அவசரத்துக்குச் சரி, பழக்கமாக வேண்டாம்.

கிளிப்போர்டு வழியில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ஒருமுறை டி1 என்ற கதவு பிளாக்கை ஒரு டிராயிங்கில் இருந்து எடுத்து இன்னொன்றில் ஒட்டினேன். நான் எடுத்தது 900 மி.மீ. கதவு. ஒட்டிய இடத்தில் வந்து நின்றது 750 மி.மீ. கதவு. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. சுவரில் விட்ட திறப்புக்கும் கதவுக்கும் நடுவே இடைவெளி தெரிந்ததால்தான் கண்ணில் பட்டது. அந்த டிராயிங்கில் ஏற்கெனவே டி1 என்ற பெயரில் வேறொரு பிளாக் இருந்தது. ஒரே பெயரில் இரண்டு வரையறை மோதினால் போய்ச் சேரும் டிராயிங்கில் இருப்பதுதான் ஜெயிக்கும். கோடுகளை வகை பிரித்து வைக்கும் அடுக்கான லேயரும் இப்படித்தான். அங்கே சிவப்பாக இருந்த சுவர், இங்கே அதே பெயர் லேயர் பச்சையாக இருந்தால் பச்சையாகிவிடும். டெக்ஸ்ட் ஸ்டைல், டைமென்ஷன் ஸ்டைல் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். டைமென்ஷன் எழுத்து திடீரென்று பெருத்துத் தெரிந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பிளாக் மோதலில் மூலத்தில் இருப்பது ஜெயிக்க வேண்டும் என்றால் டிசைன்சென்டர் உதவும். கண்ட்ரோல் 2 அடித்தால் திறக்கும். மூல டிராயிங்கைத் திறக்காமலேயே அதன் பிளாக், லேயர், ஸ்டைல்களைப் பார்த்து இழுத்துப் போடலாம். பிளாக்கின் மேல் வலது கிளிக் செய்தால் மறுவரையறை செய்யும் வாய்ப்பும் வரும். லேயர்கள் மட்டும் வேண்டும், கோடுகள் வேண்டாம் என்கிற நேரத்துக்கும் இதுவே சரி.

டபிள்யூபிளாக், காப்பி-பேஸ்ட்டுக்கும் எக்ஸ்ரெஃபுக்கும் நடுவில் நிற்கிறது. தேர்ந்தெடுத்ததைத் ஆட்டோகேடின் சொந்த வடிவமான டிடபிள்யூஜியில் தனிக் கோப்பாக எழுதி வைக்கும். கிளிப்போர்டில் இருப்பது அடுத்த காப்பியோடு போய்விடும், கோப்பு போகாது. ஒரே பொருளைப் பத்து டிராயிங்கில் போட வேண்டும் என்றால் இதைச் செய்துவிட்டு ஒவ்வொன்றிலும் இன்சர்ட் செய்யலாம். ஆனால் அந்தக் கோப்பை நாளை மாற்றினால் பத்து டிராயிங்கும் தானாக மாறாது, ஒவ்வொன்றிலும் மறுபடி இன்சர்ட் செய்து மறுவரையறை செய்ய வேண்டும்.

தானாக மாற வேண்டும் என்றால் எக்ஸ்ரெஃப்தான், அதாவது மூலக் கோப்பை உள்ளே நகலெடுக்காமல் வெளியிலிருந்தே இணைத்துக் காட்டுவது. கட்டடக் கலைஞரின் தளவரைபடத்தின் மேல் மின் இணைப்பு வரைபவர் அதை காப்பி அடித்து வேலை செய்யவே கூடாது. மறுநாள் ஒரு சுவர் நகர்ந்தால் அவருடைய சுவிட்ச் பாயின்ட் அந்தரத்தில் நிற்கும். எக்ஸ்ரெஃபாக இணைத்திருந்தால் ரீலோடு செய்ததும் சுவர் புது இடத்தில் தெரியும். பெயர் மோதலும் இதில் இல்லை, ஏனென்றால் லேயர் பெயருக்கு முன்னால் கோப்பின் பெயரும் ஒரு செங்குத்துக் கோடும் வந்துவிடும். இணைக்கும்போது அட்டாச்சா ஓவர்லேயா என்று கேட்கும். உங்கள் டிராயிங்கை இன்னொருவர் இணைக்கும்போது இதுவும் கூடவே போக வேண்டாம் என்றால் ஓவர்லே. இதன் பலவீனம் பாதை. ஃபோல்டரை இடம் மாற்றினால் இணைப்பு அறுந்துவிடும். ஆட்டோகேட் 2018 முதல், டிராயிங் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடும் சார்புப் பாதையே இயல்பாக வருவதால் தொல்லை கொஞ்சம் குறைந்திருக்கிறது. வெளியாருக்கு அனுப்பும்போது ஈடிரான்ஸ்மிட் போட்டு எல்லாக் கோப்பையும் சேர்த்துக் கட்டி அனுப்புங்கள்.

மென்பொருள் விட்டு மென்பொருள் போகும்போது கதை வேறு. எக்ஸெல் அட்டவணையை காப்பி செய்து டிராயிங்கில் ஒட்டினால் அது ஓஎல்இ பொருளாக, அதாவது எக்ஸெலின் பொருளாகவே உள்ளே பதிந்து, வரும். பெரிய தாள் என்றால் ஓரம் வெட்டுப்படும், பிரின்ட்டில் எழுத்து மங்கும். எனக்கு இந்த வழியில் நம்பிக்கையே இல்லை. பேஸ்ட் ஸ்பெஷலில் ஆட்டோகேட் என்டிட்டிஸ் என்று தேர்ந்தெடுத்தால் அதே அட்டவணை ஆட்டோகேடின் சொந்த டேபிளாக வருகிறது, எழுத்துரு, லேயர், கோட்டுத் தடிமன் எல்லாம் நம் கையில். எக்ஸெலில் எண் மாறினால் இங்கும் மாற வேண்டுமா? 2008 பதிப்பில் இருந்து டேட்டா லிங்க் இருக்கிறது.

ஆட்டோகேட் இல்லாதவருக்குக் கொடுக்க, பிற மென்பொருள்களும் படிக்கும் கோப்பு வடிவமான டிஎக்ஸ்எஃப். 1982-இல் ஆட்டோகேடோடு சேர்ந்தே வந்த வடிவம் இது. லிப்ரேகேட், இன்க்ஸ்கேப், கியூஜிஐஎஸ் எல்லாம் படிக்கும். வெட்டும் எந்திரங்கள் சில இன்னும் ஆர்12 என்ற பழைய பதிப்பின் வடிவத்தையே கேட்கும். அதில் ஸ்ப்லைன் என்ற வழவழப்பான வளைகோடே கிடையாது, அது துண்டுகளைக் கோத்த பாலிலைனாக மாறித்தான் போகும். அனுப்பும் முன் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். பிடிஎஃப்-ஐயும் 2017 முதல் உள்ளே கொண்டுவரலாம், ஆனால் பிரின்ட் அளவுக்குச் சுருங்கிய கோடுகளைத் திரும்பப் பெரிதாக்கினால் பழைய துல்லியம் வராது. வேறு கோப்பு கிடைக்காதபோது மட்டும் அது.

எந்த வழியில் போனாலும் அலகு ஒன்றைச் சரிபார்க்காமல் விடாதீர்கள். கொண்டுவந்த பொருள் 25.4 மடங்கு பெருத்தோ சிறுத்தோ வந்தால் அங்குலமும் மில்லிமீட்டரும் மோதுகின்றன என்று அர்த்தம். அலகைக் குறித்து வைக்கும் இன்ஸ்யூனிட்ஸ் என்ற மாறியை இரண்டு டிராயிங்கிலும் பாருங்கள். 1 என்றால் அங்குலம், 4 என்றால் மில்லிமீட்டர், 6 என்றால் மீட்டர், 0 என்றால் அலகே சொல்லப்படவில்லை. டிஎக்ஸ்எஃப் வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமிக்கப்பட்டிருந்தால் நோட்பேடிலேயே திறந்து, இன்ஸ்யூனிட்ஸ் என்று தேடி, அடுத்து 70 என்ற வரிக்குக் கீழே என்ன எண் இருக்கிறது என்று பார்த்துவிட்டே அனுப்பலாம்.