பரவைக்கடலுக்கு ஹோபி 16 சரிவருமோ?

முதலே சொல்லிப்போடுறன். பாய்ப்படகு ஒண்டு வாங்கி யாழ்ப்பாணத்தில ஓட்டோணும் எண்டு ஆசை இருந்தா ஆயிரம் மாடல் தேடி அலையத் தேவையில்ல, ஹோபி 16 காணும். எங்கட ஆழமில்லாத பரவைக்கடலுக்கு இதைவிடச் சரிவாற கட்டமரான், அதாவது ரெண்டு ஹல்லை (படகுடலை) சேத்துச் செய்யிற பாய்ப்படகு, எனக்குத் தெரிய இல்ல. ஆனா பிரண்டா நிமித்துறது பெரும்பாடு, அதையும் வடிவா விளங்கிக்கொண்டு காசைக் குடுங்கோ.

எங்களிட்ட இருக்கிறது புதுசில்ல. தெற்குப் பக்கம் ஒரு ஹோட்டல் கடற்கரையில கனகாலமா வெயில் காஞ்சு கிடந்ததை நாங்கள் கொஞ்சப்பேர் காசு சேத்து வாங்கி, லொறியில ஏத்தி, ஏ9ஆல கொண்டு வந்தனாங்கள். பாய்மரம் 8 மீற்றர், லொறிக்கு வெளியில நீட்டிக்கொண்டு நிண்டுது, முனையில சிவப்புத் துணி கட்டித்தான் கொண்டு வந்தது. புதுசா இறக்கிறதெண்டா கப்பல் கூலியும் வரியும் சேந்து கழுத்தை நெரிச்சுப்போடும், பழசு ஒண்டு நல்ல நிலையில கிடைச்சா அதையே எடுங்கோ.

இந்தப் படகைச் செஞ்சவர் ஹோபி ஆல்டர், கலிஃபோர்னியாவில சேர்ஃப் போட் செய்து பேர் எடுத்த ஆள். 1968இல 14 அடிப் படகு ஒண்டை விட்டார், பேந்து ஃபில் எட்வர்ட்ஸ் எண்ட இன்னொரு சேர்ஃபரோட சேந்து இந்த 16ஐ வரைஞ்சவர், 1970 அளவில விற்பனைக்கு வந்தது. அதுக்குப் பிறகு உலகம் முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல செஞ்சிருக்கினம். நீளம் 5 மீற்றருக்குக் கொஞ்சம் கூட, அகலம் 2.41 மீற்றர், பாரம் 145 கிலோ, ரெண்டு பாயும் சேந்து 20 சதுர மீற்றர். இந்தப் பாரத்துக்கு இவ்வளவு பாய் எண்டா என்ன நடக்கும் எண்டு கடலுக்குப் போற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

இதில கெட்டித்தனம் எங்க எண்டா ஹல்லில. வேற ரேஸ் கட்டமரான் கனக்கத்துக்கு ஹல்லின்ர நடுவில தண்ணிக்குள்ள இறக்கிற பலகை இருக்கும், டகர்போட் எண்டு சொல்லுறது, அது இல்லாட்டி காத்து படகைப் பக்கவாட்டில தள்ளிக்கொண்டு போயிடும். ஹோபி 16இல அந்தப் பலகையே இல்ல. ஒவ்வொரு ஹல்லும் வெளிப்பக்கம் தட்டையா, உள்பக்கம் வளைஞ்சு இருக்கு, தண்ணி அந்த வளைவில ஓடேக்க காத்துக்கு எதிரா ஒரு இழுவை வருது, பலகை செய்யிற வேலையை ஹல்லே செய்யுது. சுக்கான் ரெண்டும் நிலத்தில முட்டினாத் தானா மேல மடியும். ஆல்டர் இதை அலை அடிக்கிற மணல் கரையில நேரா ஏத்தி நிப்பாட்டத்தான் செஞ்சவர், ஆனா குருநகருக்கும் மண்டைதீவுக்கும் இடையில கனக்க இடத்தில இடுப்பளவு தண்ணிதான் இருக்கு, அங்க ஓடேக்க எனக்கு அந்த மனுசன் எங்கட கடலைப் பாத்துத்தான் வரைஞ்சவரோ எண்டு வரும். முழங்கால் தண்ணியில கூட ஓடுது. பலகை உள்ள ரேஸ் படகைக் கொண்டு வந்தா அது சேத்தில குத்தி நிண்டுடும்.

காத்துக்கு வருவம். வைகாசிக்குப் பிறகு சோளகம், அதாவது தென்மேற்குக் காத்து, தொடங்கினா பின்னேரங்களில 15, 20 நொட் வரைக்கும் தடையில்லாம வரும், மரமில்ல மலையில்ல, நேர பரவைக்கடலுக்கு மேலால வாற காத்து. அந்தக் காத்தில இடுப்பில ஹார்னஸ் பட்டி போட்டு, பாய்மரத்தில இருந்து தொங்கிற ட்ரபீஸ் கம்பியில கொழுவி, ஹல் விளிம்பில கால் வைச்சு உடம்பை முழுக்க வெளியில சாய்ச்சு நிண்டா, காத்துப் பக்க ஹல் மெல்லத் தண்ணியை விட்டுக் கிளம்பும், பிடிச்சிருக்கிற கயிறு துடிக்கிற துடிப்பு வல்வெட்டித்துறையில தைப்பொங்கலண்டு பெரிய பட்டம் பிடிச்ச ஆக்களுக்குத் தெரியும், அதே துடிப்புத்தான், ஆனா இதில நீங்களும் சேந்து இழுபட்டுக்கொண்டு போவியள். 15 நொட் வேகம் லேசா வரும், அது மணிக்கு 28 கிலோமீற்றருக்குக் கிட்ட, தண்ணிக்கு ஒரு முழம் மேல இருந்துகொண்டு 28 எண்டது ஏ9இல போற 80ஐ விடப் பயங்கரம். முன்பாய் பிடிக்கிறது என்ர பெரியம்மாட மகள், எனக்குத் தங்கச்சி முறை. ஆரம்பத்தில கரையில நிண்டு பாத்த ஆக்கள் பொம்பிளைப்பிள்ளை கம்பியில தொங்குது எண்டு கதைச்சவை, இப்ப அவவைத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டு காத்து எப்பிடி எண்டு கேக்கினம்.

பாய் மாத்தித் திரும்புறது கஷ்டம். கட்டமரான் எல்லாம் அப்பிடித்தான், ஆனா இது பலகை இல்லாதபடியா இன்னும் மந்தம், காத்துக்கு நேர அணியம் (படகின்ர முன்முனை) போய் அப்பிடியே நிண்டுடும். முன்பாயைக் கெதியா மாத்தாம கொஞ்ச நேரம் மற்றப்பக்கமே பிடிச்சு வைச்சிருந்தா காத்து அணியத்தைத் தள்ளிக் குடுக்கும். பழகினா வரும்.

இனிப் பிரள்ற கதை. ரெண்டு விதமாப் பிரளும். பக்கவாட்டில பிரள்றது ஒண்டு. மற்றது காத்து பின்னால இருந்து வரேக்க கீழ்ப்பக்க ஹல்லின்ர அணியம் தண்ணிக்குள்ள குத்திப் படகே குத்துக்கரணம் அடிக்கிறது, ஹோபி 16க்கு அணியத்தில மிதப்புக் குறைவு, அதால உலகம் முழுக்க இதுக்குப் பேர் போனது இந்தக் குத்துக்கரணம். அலை கிளம்பினா ரெண்டு பேரும் பின்னுக்குப் போங்கோ, கம்பியில நிக்கிற ஆளும் பின்னுக்கு வரோணும், கயிறை இளக்கத் தயாரா இருங்கோ. பிரண்ட பிறகு நிமித்த 130 கிலோவுக்கு மேல பாரம் வேணும், கயிறைப் போட்டுத் தொங்கிறது, அணியம் காத்தைப் பாத்து இருக்கோணும். மெலிஞ்ச ரெண்டு பேர் எண்டாச் சிலவேளை எழும்பவே எழும்பாது, அப்பிடியான ஆக்கள் மூண்டாவது ஆளோட போங்கோ. எங்கட கடலில இன்னொரு சிக்கலும் இருக்கு, தண்ணி ஆழமில்ல, படகு முழுக்கக் கவிழப் போனா பாய்மர நுனி சேத்தில குத்தும், பிறகு ஆட்டி இழுத்தா மரம் வளையும். நுனியில கட்டுற மிதவை ஒண்டு விக்கினம், இஞ்ச அது கட்டாயம் எண்டு நினையுங்கோ. வாங்கேலாட்டி நல்லா மூடின பிளாஸ்டிக் கான் ஒண்டைக் கட்டுங்கோ, வடிவில்ல, ஆனா மரத்தைக் காப்பாத்தும்.

காத்து எந்தப் பக்கம் எண்டு பாத்து இடம் எடுங்கோ, இது உயிர்ப் பிரச்சினை. சோளகத்துக்குக் குருநகர்ப் பக்கம் நல்லம், ஏனெண்டா காத்து கடலில இருந்து கரைக்கு வருது, என்ன உடைஞ்சாலும் அது உங்களைக் கொண்டந்து வீட்டுப்பக்கம் விடும். அதே சோளகத்துக்குக் காரைநகர் கசூரினாவில இறங்கினா தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கும், ஆனா காத்து கரையை விட்டு வெளியில தள்ளும், பாக்கு நீரிணைப் பக்கம் போட்டியள் எண்டாத் திரும்பி வாறது உங்கட கையில இல்ல. வடகிழக்கில இருந்து வாடை அடிக்கேக்க இது அப்பிடியே மாறும்.

கரண்ட் கம்பியைப் பற்றிச் சொல்லாமப் போகேலாது. அலுமினியம் மரம், 8 மீற்றர், நிப்பாட்டின மரத்தோட கரையில தள்ளிக்கொண்டு போகேக்க மேல ஒருக்கா நிமிந்து பாருங்கோ. அமெரிக்காவில இப்பிடிக் கம்பியில முட்டி ஆக்கள் செத்த பிறகுதான் மரத்தின்ர மேல் பகுதியை மின்சாரம் கடத்தாத ஃபைபரில செய்யத் தொடங்கினவை. எங்கட இறங்குதுறைகளில கம்பி எவ்வளவு பதிஞ்சு கிடக்கெண்டு எல்லாருக்கும் தெரியும்.

சரி, ஐம்பது வருசத்துக்கு மேலான படகு, இதில என்ன போட்டி எண்டு கேக்கிறவை இருக்கினம். போட்டியாலதான் இது இன்னும் உயிரோட இருக்கு. ஹோபி 16 வகுப்பு விதி சரியான இறுக்கம், ஹல்லோ பாயோ மரமோ ஒண்டையும் உங்கட விருப்பத்துக்கு மாத்தேலாது, ரெண்டு பேரும் சேந்து 129 கிலோவுக்குக் குறைஞ்சா பாரம் ஏத்திக்கொண்டுதான் ஓடோணும். முதல் உலகப் போட்டி 1976இல ஹவாயில நடந்தது. உலகப் போட்டிக்குப் போற ஆக்கள் படகு கொண்டு போறேல்ல, நடத்துறவையே ஒரே மாதிரிப் படகு குடுக்கினம், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறி மாறி ஏறோணும், ஆரிட்டக் காசு கூட எண்டது அங்க எடுபடாது. 2014இல ஆஸ்திரேலியாவில ஜேர்விஸ் பேயில நடந்தது அப்பிடித்தான். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டிலையும் ஹோபி 16 இருந்தது. எங்களை மாதிரிச் சின்ன நாட்டுப் பிள்ளையளுக்கு இதைவிட நேர்மையான வாசல் வேற எது?

ஒலிம்பிக்கில கட்டமரான் எண்டா 1976இல இருந்து 2008 வரைக்கும் டொர்னாடோ எண்ட வகுப்பு. சிட்னி 2000இல ஆஸ்திரேலியாவின்ர டரன் பண்டொக்கும் ஜோன் ஃபோர்ப்ஸும் வெள்ளி, பெய்ஜிங்கில பண்டொக்கும் க்ளென் ஆஷ்பியும் வெள்ளி. பிறகு அந்த வகுப்பையே எடுத்துப்போட்டாங்கள், 2016 ரியோவில நக்ரா 17 எண்டு திருப்பிக் கொண்டு வந்தவை, ஒரு ஆணும் ஒரு பெண்ணும் கட்டாயம். அதில ஆஸ்திரேலியாவுக்கு வெள்ளி எடுத்த ஜேசன் வோட்டர்ஹவுஸும் லீசா டர்மனினும் கசின்மார், எங்கட தங்கச்சிக்கு இதைச் சொன்ன நாளில இருந்து அவவின்ர கதையே வேற. தங்கம் எடுத்த ஆர்ஜென்டினா சாந்தியாகோ லாங்கேக்கு அப்ப 54 வயசு, அதுக்கு முதல் வருசந்தான் புற்றுநோயால நுரையீரலில ஒரு பகுதி வெட்டி எடுத்தவை. இந்தக் கதையை நான் எங்க போனாலும் சொல்லுவன்.

ஆஷ்பியைப் பற்றி இன்னும் ஒண்டு. ஏ கிளாஸ் எண்ட தனி ஆள் கட்டமரானில 10 தரம் உலகச் சம்பியன், 2017 பெர்முடாவில நியூசிலாந்துக்கு அமெரிக்கா கப் எண்ட பாய்ப்படகுக் கிண்ணத்தை எடுத்துக் குடுத்த படகின்ர ஸ்கிப்பர். அவர் வந்த ஊர் ஆஸ்திரேலியாவில பெண்டிகோ, கடலே இல்லாத, பழைய தங்கச் சுரங்க ஊர். நாங்கள் நாலு பக்கமும் தண்ணியை வைச்சுக்கொண்டு இருக்கிறம்.

செயில்ஜீபி எண்ட பாய்ப்படகுப் போட்டித் தொடரில ஓடுற எஃப்50 கட்டமரான்களையும் பாக்கிறனான், சிட்னியில பின்னேரம் ஓடேக்க எங்களுக்குக் காலமை, ஃபோனில பாத்துக்கொண்டே தேத்தண்ணி ஆறிப்போகும். ஃபொயில் எண்ட தண்ணிக்குள்ள இருக்கிற செட்டையில கிளம்பி 50 நொட்டுக்கு மேல போகுதுகள், முதல் மூண்டு சீசனும் டொம் ஸ்லிங்ஸ்பியின்ர ஆஸ்திரேலியாதான் வெண்டது. பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அந்த ஃபொயிலுக்கு ஆழத் தண்ணி வேணும், பின்னால நிக்கப் பெரிய ஆள்படை வேணும். எங்களுக்கு ரெண்டு பேரும் ஒரு கரையும் காணும்.

பழசு வாங்கிறவை ஹல்லின்ர மேல்தட்டைப் பெருவிரலால அமத்திப் பாருங்கோ, மெத்தெண்டு உள்ளுக்குப் போனா விட்டிட்டு வாங்கோ. உள்ளுக்க ஃபோம் வைச்ச சாண்ட்விச் அது, ஃபைபர் ஃபோமை விட்டுக் கழண்டிருக்கும். மேலோட்டமான வெடிப்பு, அணியத்தில தேய்மானம் எண்டா பயப்பிடாதேங்கோ, ஃபைபர் துணியும் ரெசினும் வைச்சு வேலை செய்யிற ஆக்கள் எங்கட கரையூருகளில இருக்கிற மாதிரி வேற எங்கையும் இல்ல, ஃபைபர் போட் திருத்துற அண்ணாக்கள் எங்கட ஹல்லைப் புதுசு மாதிரி ஆக்கித் தந்தவை, ஃபோம் இருக்கெண்டு மட்டும் முதலே சொல்லுங்கோ. மரத்தைப் பிடிக்கிற கம்பிகள் பழசெண்டா யோசிக்காம மாத்துங்கோ, ஒண்டு அறுந்தா மரம் தலையில. ஓடி முடிய நல்ல தண்ணியில கழுவோணும், உவர்க் கிணத்துத் தண்ணி சரிவராது. பாயைக் கழட்டி வெயிலுக்கு மறைச்சு வையுங்கோ.

மீன்பிடிக்கிற ஆக்களோட முதலே கதைச்சுக்கொண்டு இறங்குங்கோ. களங்கட்டி வலை, நண்டு வலை, இப்ப கடலட்டைப் பண்ணை வேலியளும் கனக்க, அது அவையின்ர சோறு. எங்க கம்பு நிக்குது, எந்த வழி திறந்து கிடக்குது எண்டு ஒரு குருநகர் ஐயா எங்களோட படகில ஏறி வந்து காட்டித் தந்தவர், சின்ன வயசில பாய் வள்ளம் ஓட்டினவர், எங்களை விட வடிவா இந்தப் படகைக் காத்துக்குப் பிடிக்கிறார். நேவிக்கும் கோஸ்ட் கார்டுக்கும் சொல்லிப்போட்டுப் போங்கோ, லைஃப் ஜக்கெட் இல்லாம ஒருத்தரையும் ஏத்தாதேங்கோ.

மற்றது, ஒரு படகு மட்டும் இருந்தா ரேஸ் ஓடேலாது, எங்களுக்கு ரெண்டாவது ஒண்டு வேணும். எந்த ஹோட்டல் கரையிலையாவது தென்னைக்குக் கீழ ஹோபி 16 கிடக்கக் கண்டா சொல்லுங்கோ, பாய் கிழிஞ்சிருந்தாலும் பரவாயில்ல, ஹல் கல்லு மாதிரி இருந்தாக் காணும், லொறியோட வாறம்.