ஜிலேபி கெண்டைக்கு மண்புழுவா, மைதா மாவா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக் குளக்கரைகளில் புதிதாகத் தூண்டில் போடுபவர்களுக்கு மண்புழுதான் தோது. 10 அல்லது 12-ம் எண் தூண்டில் முள்ளில் புழுவைக் கோத்து, வாலை ஒரு சென்டிமீட்டர் மட்டும் தொங்கவிடுங்கள். அந்த நெளிவுதான் மீனை இழுக்கும். நீளமாகத் தொங்கினால் நுனியைக் கடித்துக்கொண்டு போய்விடும். தக்கை நகர்ந்ததுமே தூண்டிலைச் சுண்ட வேண்டும். தாமதித்தால் முள் தொண்டைக்குள் இறங்கிவிடும், கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கலங்கல் தண்ணீரில் கெளுத்தியும் மாட்டும். அதன் முதுகு முள்ளோ பக்க முள்ளோ குத்தினால் கை வீங்கிக் கடுக்கும்.

மாவுக்குப் பதம்தான் எல்லாம். மைதா இரண்டு பங்கு, பொடித்த கடலைப் புண்ணாக்கு ஒரு பங்கு. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைந்து, பட்டாணி அளவு உருட்டி முள்முனையை மூடுங்கள். இளகினால் வீசும்போதே கழன்று விழும். இறுகினால் சுண்டும்போது முனை வெளியே வராது, மீன் தப்பிவிடும். பொடிமீன் மொய்க்கும் இடத்தில் மாவு வீண், கொத்தியே கரைத்துவிடும்.

ஆனால் தவிடு, புண்ணாக்கு போட்டு மீன் வளர்க்கும் குளமென்றால் மாவுக்கே கடி அதிகம். அவை பெரும்பாலும் குத்தகைக் குளங்கள், கேட்டுவிட்டுப் போடுங்கள்.